சரிபார்த்தவர்: ஷாஜினி

எங்கள் ஆபீசில் பனியை நேரில் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. ஃப்ரீசரைத் திறந்தால் சுவரில் படிந்திருக்குமே, அதுதான் எங்களுக்குத் தெரிந்த பனி. அப்படிப்பட்ட நாங்கள், போன வருஷம் ஷார்ஜாவில் தார் ரோடு இளகுகிற ஜூன் மாதத்தில், ஏசிக்குப் பயந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒரு பனிமலைக்கு மேப் போட்டோம். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அப்போது நானும்தான் சிரித்தேன், நாசமாய்ப் போக.

எந்த நாட்டு மலை என்று சொல்ல மாட்டேன், கேஸ் நடக்கிறது. வடக்கே ஏதோ ஒரு மலைநாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்க இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்று கான்ட்ராக்ட் எடுத்திருந்தது. சைட்டுக்கு மேப் வேண்டும் என்று எங்களிடம் வந்தார்கள். விமானத்திலிருந்து எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. அதற்கென்று இருக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தால் மலை அப்படியே மூக்குக்கு நேரே எழுந்து நிற்கும். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் பனியாறு. பனியாறு என்றால் தண்ணீர் இல்லை, மலை இடுக்கில் கண்ணுக்குத் தெரியாமல் மெள்ள நகர்ந்து இறங்குகிற ஐஸ். அதன் வாயிலிருந்து சிமெண்டு கரைத்த நிறத்தில் ஆறு புறப்படும். பின்னலை அவிழ்த்துப் போட்ட மாதிரி பல வாய்க்கால்களாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடும். உயரத்தைக் கோடு கோடாக வரைவது ஆபரேட்டர்கள் வேலை. அவர்கள் வரைந்ததைச் சரிபார்ப்பது என் வேலை. ஒவ்வொரு ஷீட்டின் வலது மூலையிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் 'சரிபார்த்தவர்: ஷாஜினி' என்று விழும்.

இது பாலைவனத்துக்கு மேப் போட்டே வளர்ந்த ஆபீஸ். அதற்கென்று சில விதிகள் உண்டு. அதில் ஒன்று குட்டை விதி. இந்த ஊரில் மழை பெய்த மறுவாரம் படம் எடுத்தால் மணலுக்கு நடுவே அங்கங்கே தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அதை ஏரி என்று வரைந்து கொடுத்தால், மேப் அச்சாகி வருவதற்குள் அது காய்ந்து, ஏரியில் ஒட்டகம் படுத்திருக்கும். மானம் போய்விடும். அதனால் சின்னக் குட்டை தெரிந்தால் அழித்துவிட்டு, சுற்றியிருக்கும் தரையை இழுத்து மூடிவிட வேண்டும். எங்கள் மேனேஜர் முரளிதரன் சார் வைத்த விதி. இருபது வருஷமாக ஓமானிலிருந்து குவைத் வரைக்கும் மணலை அளந்தவர், திருச்சிக்காரர். கெட்ட மனுஷன் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டிலிருந்து ரசம் கொண்டுவந்து கொடுத்தவர்தான்.

அந்தப் பனியாற்றின் மேல்பாதி வெள்ளை. கீழ்ப்பாதி பழுப்பு, ஒரே கல்லும் மண்ணும். வெள்ளையாக இருந்தால் பனி, பழுப்பாக இருந்தால் கல் என்று பிரித்துப் போட்டோம். பாலைவனத்தில் இருப்பவனுக்குக் கல்லைத் தெரியாதா? அந்தக் கல்பரப்பில் அங்கங்கே கறுப்பாகத் தண்ணீர்ப் பொட்டுகள் தெரிந்தன. எனக்கு உறுத்தியது. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"குட்டைம்மா. வேறென்ன? ரூல் தெரியாதா உனக்கு? அழிச்சுட்டு மேல போ, டெலிவரி இருக்கு" என்றார்.

அழித்தோம். தரை வழவழவென்று வந்தது. ஷீட் போயிற்று. அந்த மேப்பை வைத்துத்தான் ஆற்றோரம் சமதரை பார்த்து கேம்ப் போட்டார்கள்.

இனி என் தம்பி கிளிட்டஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் குளச்சலுக்குப் பக்கம், கடற்கரை. அப்பாவைக் கடலுக்குக் கொடுத்த வீடு. அதனால் அம்மா இவனை வள்ளத்தில் ஏற விடவில்லை, ஐடிஐ படிக்க வைத்து எலக்ட்ரீஷியன் ஆக்கினாள். சவுதியில், தம்மாமில் நான்கு வருஷம் வெயிலில் வெந்தான். "எக்கா, எங்கியாவது குளுந்த இடமாப் பாரேன், நான் கருவாடா ஆயிட்டேன் பாத்துக்கோ" என்று போன் போட்டுப் போட்டு என்னை அரித்தான். நான்தான் அந்தக் கம்பெனி ஆளிடம் சொல்லி மலை சைட்டில் வேலை வாங்கிக் கொடுத்தேன். தனியாகப் போனானா? எங்கள் கரையிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனான். அதில் ஒருவன் மிக்கேல்தாசன், இவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பக்கத்து வீடு.

போன அன்றைக்கே ஒரு செல்ஃபி அனுப்பினான். கேம்ப் ஆபீஸ் சுவரில் எங்கள் மேப் ஒட்டியிருக்கிறது. மூலையிலிருக்கும் என் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டு ஆறு பேரும் இளிக்கிறார்கள். 'எக்கா போட்ட மேப்பு' என்று கேம்ப் முழுக்கச் சொல்லியிருக்கிறான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஷார்ஜா முவைலாவில் எங்கள் பில்டிங்கில் இருக்கிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

இந்த ஜூலையில் ஒரு நாள் நான் ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும்போது வீடியோ கால் வந்தது.

"எக்கா, இங்கன பாரு. டவருக்கு எர்த் கம்பி எறக்கக் குழி தோண்டுனோம். ஒரு முழம் கல்லு. அதுக்கடியில என்ன தெரியுமா? ஐஸு! சுத்தமான ஐஸு. ஊருல மீனுக்கு ஐஸு கெடைக்காம அடிச்சுக்கிடுதாவ, இங்க மல முழுக்கக் கெடக்கு. ரெண்டு லோடு அனுப்பவா?"

பின்னால் மிக்கேல்தாசன் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக் கடித்துக் காட்டினான். நானும் சிரித்தேன். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

"எங்கலே தோண்டுன?"

"மேல. கேம்ப்புல இருந்து வண்டியில அர மணிக்கூறு."

"அது கல்லுதானே லே?"

"மேப்புல கல்லாக்கும். நீதான போட்ட?" என்று சிரித்தான். "இந்தா, இங்க ஒரு ஏரி கெடக்கு பாரு. கடல் கெணக்கா இருக்கு. இது உன் மேப்புல இல்லவே இல்ல."

போனைத் திருப்பினான். கல்லுக்கு நடுவில் நீளமாக, சாம்பல் நிறத்தில், அசையாமல் தண்ணீர் கிடந்தது. டப்பாவை மூடி வைத்தேன்.

சீட்டுக்குப் போய்ப் பழைய படத்தைத் திறந்தேன். நாங்கள் அழித்த குட்டைகள் வரிசையாக இருந்தன. அப்புறம் இணையத்தில் சும்மா கிடைக்கிற செயற்கைக்கோள் படத்தில் அந்த வாரத்துப் படத்தை எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். குட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே ஏரியாகிவிட்டிருந்தது. அதைத் தாங்கி நிற்பது கல் இல்லை, மேலே கல் போர்த்திய ஐஸ். ஐஸ் கோடையில் உருகும் என்பதற்கு யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அதற்கு நேர் கீழே, ஆற்றோரச் சமதரையில், கேம்ப். கேம்ப்பில் என் தம்பி.

முரளிதரன் சாரிடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. அவருக்கு உடனே புரிந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"மேப்பைத் திருத்தி ரிவிஷன் போடணும் சார். இன்னைக்கே."

"போடலாம்மா. ஆனா ஸ்டாம்ப் வேணுமே."

ஸ்டாம்ப் என்றால் என்னவென்று இந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பெனியின் வட்ட சீல் விழாத காகிதம் இங்கே காகிதமே இல்லை. வீட்டு வாடகையிலிருந்து பிணத்தை ஊருக்கு அனுப்புவது வரைக்கும் அந்த வட்டம் வேண்டும். சீல் சாரின் மேஜை டிராயரிலேயேதான் இருக்கிறது. ஆனால் முதலாளி 'சரி' என்று சொல்லாமல் எடுக்க மாட்டார். முதலாளியோ வெயிலுக்குப் பயந்து குடும்பத்தோடு ஐரோப்பா போயிருந்தார். கோடையில் இங்கே எந்த ஆபீஸும் பாதி தூக்கத்தில்தான் இருக்கும்.

"ஒரு போன் போட்டுக் கேளுங்க சார்."

"ஷாஜினி, இங்க பாரு. நாம ரிவிஷன் போட்டா, முதல்ல போட்டது தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கிற மாதிரி. அந்த மேப்பை நம்பி அவங்க கேம்ப் போட்டாச்சு, ரோடு போட்டாச்சு. கேஸ் நம்ம மேல வரும். நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன், கொஞ்சம் டைம் குடு. அதுவும் சின்னக் குட்டைங்கதானே..."

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்.

"போன தடவை ஏப்ரல் மழையில உங்க கார் முங்கிச்சே சார், அது எந்தக் குட்டையில? காருக்கு மேல நின்னு கத்துனீங்களே, அப்ப ரூல் ஞாபகம் வந்துச்சா?"

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "என் பொண்ணு சம்யுக்தாவுக்கு இந்த வருஷம் ட்வெல்த்மா. இப்போ எனக்கு வேலை போனா விசா போகும், அவ படிப்பு போகும். நீ உன் தம்பியை மட்டும் முதல்ல கீழ இறக்கிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

உன் தம்பியை மட்டும். அந்த 'மட்டும்' எனக்கு அப்போது காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. பிறகு அதையேதான் நானும் செய்தேன் என்பது வேறு விஷயம்.

அன்றைக்கே கிளிட்டஸுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மேலே இருப்பது ஏரி, தாங்குவது ஐஸ், உடைந்தால் கேம்ப் இருக்காது. உடனே கிளம்பி வா என்றேன்.

"மத்தவனுவ?" என்றான்.

"எல்லாரையும் எறக்கச் சொல்லு. கேக்காட்டி நீ மட்டுமாவது வா."

"எக்கா, நீ என்ன பேசுத? வள்ளத்துல ஆறு பேரு போனா ஒருத்தன் மட்டும் கர ஏறுவானா? அப்பா ஏறுனாரா? நாந்தான அவனுவளக் கூட்டிட்டு வந்தேன். மிக்கேல்தாசனுக்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

நேராக சைட் இன்ஜினியரிடம் போயிருக்கிறான். அந்த ஆள் சுவரைக் காட்டினாராம். 'இதில் ஏரி எங்கே இருக்கிறது? கல் என்றுதானே போட்டிருக்கிறது? சீல் வைத்திருக்கிறது, உன் அக்காவே சரிபார்த்திருக்கிறாள். சீல் வைத்து வேறு மேப் வரட்டும், அந்த நிமிஷமே கேம்ப்பைக் காலி பண்ணுகிறேன்' என்றாராம். யோசித்துப் பார்த்தால் அந்த ஆளையும் குறை சொல்ல முடியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டில் இல்லாத சுரைக்காய் கொடியிலும் இல்லை.

"நீ சீல் வச்ச மேப்ப அனுப்பு எக்கா. அது வாறது வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். தெனமும் அந்த ஆளப் புடிச்சு உலுக்குதேன், கேட்டியா?"

வெள்ளிக்கிழமை அரைநாள். எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்து ஷீட்டைத் திருத்தினேன். ஏரியை வரைந்தேன், பழுப்புக்குக் கீழே ஐஸ் என்று குறித்தேன், தண்ணீர் உடைந்தால் எந்த வழியாக வரும் என்று நீலத்தில் போட்டேன். என் பெயரையும் போட்டேன். பிரிண்ட் எடுத்துத் திங்கள்கிழமை சார் மேஜையில் வைத்தேன். முதலாளிக்கு மெயில் போட்டிருப்பதாகச் சொன்னார். செவ்வாயும் அதையே சொன்னார். புதனும். பொறுக்காமல் சீல் இல்லாமலேயே கிளிட்டஸுக்கு அனுப்பினேன். அவன் அதை அச்சடித்து இன்ஜினியர் மேஜையில் விரித்திருக்கிறான். சீல் எங்கே என்று கேட்டு, மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் சார் வெளியே போயிருந்தபோது அந்த டிராயரை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. நானே சீலைக் குத்தியிருப்பேன், சத்தியமாகக் குத்தியிருப்பேன். ஜெயிலுக்குப் போனால் போகிறேன்.

அடுத்த வாரம் கிளிட்டஸ் போன் செய்தபோது குரலில் விளையாட்டு இல்லை. ஆறு மதியத்துக்கு மேல் கூடுகிறது, முன்பைவிடக் கலங்கலாக வருகிறது, மேலே ஏதோ முறிகிற சத்தம் கேட்கிறது என்றான்.

"அவனுவளுக்குப் பயமில்லியாலே?"

"எனக்க மொகத்தப் பாக்கானுவ எக்கா. கிளிட்டஸே இங்கதான நிக்கான், பெறகு நமக்கென்னன்னு சொல்லுதானுவ."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கத்தாரில், ராஸ் லஃபானில் டூட்டியில் இருந்த என் கணவர் பத்திநாதனுக்குப் போன் போட்டு அழுதேன். அவர் யோசிக்கவே இல்லை. "அம்மா சீரியஸுன்னு மெசேஜ் போட்டுரு" என்றார்.

வளைகுடாவில் இருப்பவனை நின்ற இடத்திலிருந்து கிளப்ப அது ஒன்றுதான் வழி. எந்த முதலாளியும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டான். இப்படி வருகிற 'சீரியஸ்' மெசேஜில் பாதி பொய் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மீதிப் பாதி நிஜமாயிற்றே, அதனால் எவனும் பரீட்சை பண்ணிப் பார்க்க மாட்டான்.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அற்புதராணி என்று பெயர், வாழ்க்கையில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. "முழு உசுரோட இருக்கவள சாகக் கெடக்கேன்னு சொல்லச் சொல்லுதியே, மாதாவே" என்றாள். பிறகு, "சொல்லு. பிள்ள வரட்டு. மத்த பிள்ளையளும் வருவினுமா?" என்று கேட்டாள். அவர்களுக்கும் ஏற்பாடு ஆகிக்கொண்டிருக்கிறது என்றேன். பொய்க்குமேல் பொய். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

அம்மா போனை அணைத்து வைத்தாள். நான் மெசேஜ் போட்டேன். 'அம்மா சீரியஸ். உடனே கிளம்பு.'

கிளிட்டஸ் அழுதுகொண்டே கூப்பிட்டான். நானும் அழுதேன், அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை கம்பெனி வண்டியில் இறங்கினான். இறங்கும்போது அந்த ஐந்து பேரிடமும் சொல்லியிருக்கிறான்: 'சீல் வச்ச மேப்பு வரும், எக்கா பாத்துக்கிடுவா. வந்த ஒடனே கீழ எறங்கிருங்க.' அவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். இதை அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

அவன் இறங்கியதும் நான் மறுபடி சார் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். உட்காரவில்லை. "தம்பி வந்தாச்சா? அப்பாடா" என்றார். அந்த 'அப்பாடா'வைக் கேட்டதும் எனக்குப் புரிந்தது. இனி அவசரம் என்று இந்த ஆள் நினைக்கப் போவதில்லை. அங்கேயும் அப்படித்தான். தினமும் இன்ஜினியரைப் பிடித்து உலுக்குகிற ஒருவனையும் நான் இறக்கிவிட்டேன்.

கிளிட்டஸ் திருவனந்தபுரத்தில் இறங்கி, வண்டி பிடித்து வீட்டுக்குப் போனபோது அம்மா சாளை பொரித்துக்கொண்டு நின்றாள். அவனுக்குப் புரியச் சில நொடி ஆகியிருக்கிறது. எனக்குப் போன் வந்தது. திட்டவில்லை. "நாளைக்கே திரும்பிப் போறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான்.

மறுநாள் அவன் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில், அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். ஏரி உடைந்தது. கீழ்க் கிராமத்துக்காரர் ஒருவர் எடுத்த வீடியோ ஆபீசில் எல்லார் போனிலும் வந்தது. தண்ணீர் என்றே சொல்ல முடியாது. கல்லும் சேறும் ஐஸ் பாளமும் சேர்ந்து ஒரு சுவராக வந்தது. கேம்ப்பில் மூன்று பேர் மேட்டுப் பக்கம் சாமான் டிராலியைத் தள்ளிக்கொண்டு ஏறியதால் தப்பினார்கள். எங்கள் ஐந்து பேரும் அந்த மூன்றில் இல்லை.

அன்று சாயங்காலம் முரளிதரன் சார் டிராயரைத் திறந்தார். என் திருத்திய ஷீட் மேஜையில் வைத்த இடத்திலேயே இருந்தது. சீலை எடுத்து அதன்மேல் குத்தினார். முதலாளி போனில் 'சரி' என்று சொல்லிவிட்டாராம்.

"எதுக்கு சார் இப்போ?"

"ஃபைலுக்கும்மா" என்றார். சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லைதான். நான் மறுநாளே வேலையை விட்டேன். நியாயத்துக்காக என்று யாரும் மெச்ச வேண்டாம், அந்த அறையில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கிளிட்டஸ் என்னோடு பேசியது அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை. மிக்கேல்தாசனின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, 'நீ மட்டும் எப்படி மக்கா வந்த?' என்று கேட்டிருக்கிறாள். சண்டைக்கு இல்லை, நிஜமாகவே தெரியாமல். அன்றைக்குத்தான் கூப்பிட்டான்.

"என்ன மட்டும் வள்ளத்துல இருந்து தூக்கிட்டியே எக்கா. நான் அங்க நின்னிருந்தா அன்னைக்கு அவனுவள இழுத்துட்டாவது மேட்டுல ஏறியிருப்பேன்."

"ஏறியிருக்க மாட்டலே. நீயும் சேந்து போயிருப்ப."

"போயிருப்பேன்" என்றான். "அதுக்கென்ன?"

ஒன்று மட்டும் சொல்கிறேன். இன்றைக்கு அதே இடத்தில் என்னை நிறுத்திக் கேட்டாலும் அதே மெசேஜைத்தான் அனுப்புவேன். ஐந்து வீட்டு ஒப்பாரியும் என் காதில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. என் தம்பி உயிரோடு இருக்கிறான். இரண்டையும் எடை போட்டுப் பார் என்று யாராவது சொன்னால் அவர்கள் முகத்தில் அறைவேன்.

நவம்பரில் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஹலோ இல்லை, எக்கா இல்லை.

"அங்க தண்ணி வத்திட்டாம். அவனுவ வீட்டு ஆளுவளோட நான் போறேன். எங்க போய்த் தேடுகதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல, ஆறே வேற எடத்துல ஓடுதாம். கேம்ப் எங்க இருந்துது, எந்த வழியா இழுத்துட்டுப் போச்சு, கண்டெய்னர் எங்க போய்ச் சொருகியிருக்கும்னு ஒரு மேப்பு வேணும். ஒன்ன விட்டா போடத் தெரிஞ்ச ஆளு இல்ல."

கடைசியில் இதையும் சேர்த்திருந்தான்.

"ஒனக்க பேரு மட்டும் அதுல வேண்டாம். அவனுவ வீட்டு ஆளுவ எல்லாரும் அதப் பாப்பாவ."

முவைலா வீட்டில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். வெள்ளத்துக்குப் பிந்திய படத்தை இறக்கினேன். எனக்குப் பழகின பள்ளத்தாக்கு அங்கே இல்லை. ஆற்றோரச் சமதரை இருந்த இடத்தில் ஒரே கற்குவியல். பழைய படத்தை வைத்துக் கேம்ப் நின்ற இடத்தைப் பிடித்தேன். அங்கிருந்து சேற்றின் தடத்தைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினேன். ஒரு வளைவில், கல்லுக்கு நடுவே, கல் நிறத்தில் இல்லாத ஏதோ ஒன்று செவ்வகமாகத் தெரிந்தது. கூரையாக இருக்கலாம். பக்கத்தில் சின்னச் சின்னதாகக் குட்டைகள். ஒன்றைக்கூட விடாமல் வரைந்தேன்.

முடித்துவிட்டு முதலிலிருந்து சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன். கண் மறைத்தது, துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். வலது மூலையிலிருந்த கட்டத்தைக் காலியாக விட்டுத் தம்பிக்கு அனுப்பினேன்.